மீனாட்சிக்கு வந்த தலை தீபாவளி

ஆரத்தித் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன். கார் வந்து நிற்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு மகளும் மாப்பிள்ளையும் வருகிற முதல் தீபாவளி. தெருவே எட்டிப் பார்க்கிறது. கதவு திறந்ததும் முதலில் வெளியே வந்தது மகள் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. கம்பிக் கதவு வைத்த ஒரு பிளாஸ்டிக் கூடை.

உள்ளே இரண்டு மஞ்சள் கண்கள். என்னை ஏற இறங்கப் பார்த்தன. அந்தப் பார்வையில் மரியாதை என்பது மருந்துக்குக்கூட இல்லை.

மாப்பிள்ளை கௌதம் கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் மகள் மஞ்சுவின் பக்கத்தில் வந்து நின்றார். ஆரத்தி சுற்றினேன். கூடையை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றும் வித்தை எனக்குத் தெரியாததால், பூனைக்கும் சேர்த்தே திருஷ்டி கழிந்தது. எதிர்வீட்டு அம்மாள் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அடுத்த தெருவுக்குச் செய்தி போக அதற்குமேல் என்ன வேண்டும்?

"வாங்க மாப்ளைங்க. வா கண்ணு" என்றார் எங்கள் வீட்டுக்காரர். பிறகு கூடையைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "அவுங்களும் வாங்க" என்றார்.

ஒரு பூனை குறுக்கே போனால் வண்டியை ஓரங்கட்டி, தண்ணீர் குடித்து, உட்கார்ந்து எழுந்து, பிறகுதான் சரக்கு அனுப்பப் போகிற மனிதர் அவர். பண்டிகைக்கு முந்தின நாள், நல்ல நேரம் பார்த்து, ஒரு பூனையை வலது கால் வைத்து வரச் சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை என்கிற பதவிக்கு எங்கள் பக்கத்தில் இருக்கிற மதிப்பு அப்படி.

பெயர் படுத்திய பாடு

"அவுங்க" என்று ஏன் சொன்னார் என்று கேட்பீர்கள். பூனையின் பெயர் மீனாட்சி.

மாப்பிள்ளையின் அம்மா வைத்த பெயர். மீன் வாடை வந்தால் மாடியிலிருந்து ஓடி வருகிற பூனைக்கு வேறென்ன பெயர் வைப்பது என்று கேட்பாராம். கல்யாணப் பேச்சு எடுப்பதற்கு முன்பே அந்த அம்மாள் காலமாகிவிட்டார். அப்பா அதற்கும் முன்பே. பூனையை மகன் பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பெண் பார்க்க வந்த அன்றைக்கே, பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு, "என்கூட ஒரு பூனை இருக்குதுங்க" என்று சொன்ன பையன் அவர். அவனவன் எதையெதையோ மறைத்துப் பெண் கேட்கிற காலத்தில், பூனையை ஒப்புக்கொண்டவரை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. மறைந்த என் மாமியாரின் பெயரும் மீனாட்சி. பெற்ற தாயின் பெயரைச் சொல்லி, "ஏ மீனாட்சி, சோறு திங்க வா" என்று கூப்பிட எங்கள் வீட்டுக்காரருக்கு நாக்கு வருமா? வராது. அதனால் பூனை "அவுங்க" ஆனது. "அவுங்க சாப்ட்டாங்களா?" "அவுங்க எந்திரிச்சுட்டாங்களா?" சொந்தத் தம்பிக்குக்கூட அந்த மனுஷர் இவ்வளவு 'ங்க' போட்டதில்லை.

எனக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. அந்தப் பெயரைக் கொஞ்சம் அதட்டிக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெகுகால ஆசை. சந்தர்ப்பம் கொடுத்த கடவுளுக்கு நன்றி.

சரவெடியும் சங்கதியும்

தலை தீபாவளி என்றால் எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைக்குப் புதுத்துணி, மோதிரம், விருந்து எல்லாம் உண்டு. ஆனால் அதெல்லாம் வீட்டுக்குள் நடப்பவை. மாமனாரின் கௌரவத்தை ஊருக்குச் சொல்வது வெடி. எந்த வீட்டுச் சரவெடி நிற்காமல் அதிக நேரம் வெடிக்கிறதோ அந்த வீட்டில் மாப்பிள்ளைக்கு அதிக மரியாதை. இதை யார் கண்டுபிடித்தார்கள் என்று தெரியாது. காது கேட்காத யாரோவாகத்தான் இருக்க வேண்டும்.

எங்களவர் விடுவாரா? தெரு முனையிலிருந்து எங்கள் கேட் வரைக்கும் விரிக்கிற நீளத்துக்குச் சரம் வாங்கி, ஆபீஸ் அறை பீரோவில் புது வேட்டி போட்டு மூடி வைத்திருந்தார்.

அதற்குப் பிறகுதான் மஞ்சு போனில் பாடம் எடுத்தாள். போன தீபாவளிக்குப் பக்கத்து ஃபிளாட்டில் வெடித்த வெடியில் மீனாட்சி மிரண்டு, ஜன்னல் வழியாக வெளியேறி, கீழ்த்தளத்தில் ஒரு காருக்கு அடியில் பல நாள் கிடந்திருக்கிறாள். அதனால் இந்த முறை அவளைத் தனியாக விட்டுவிட்டு மாப்பிள்ளை வர மாட்டார். வந்தால் மூவரும், இல்லையென்றால் யாருமில்லை.

"உள் ரூம் ஒண்ணு வேணுங்ம்மா. ஜன்னலெல்லாம் சாத்தி இருக்கோணும். ஃபேன் ஓடோணும், டிவி மெதுவா பாடோணும். ஒளிஞ்சுக்க ஒரு எடம் வேணும். ஒளிஞ்சுட்டா வெளிய இழுக்கக் கூடாது. சொந்தக்காரங்க யாரும் வந்து கொஞ்சக் கூடாது. கழுத்துல போன் நம்பர் போட்ட பட்டை இருக்கும், அதைக் கழட்டீராதீங்க. முக்கியமா, அவளுக்குப் பழகின எதையும் மாத்தீராதீங்க."

எனக்குப் பிரசவம் ஆனபோது இதில் பாதிகூட யாரும் யோசிக்கவில்லை. இருந்தாலும் ஒரு வரி விடாமல் அப்படியே எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஒரு காதில் சாயப்பட்டறைக்காரரோடு பேசிக்கொண்டு, மறுகாதில் என்னைக் கேட்டார். சத்தம் ஆகாது என்பது மட்டும் அந்தக் காதில் விழுந்தது. கடைசி வரி விழவில்லை. இந்த அத்தியாயம் முழுக்க அந்த ஒரு வரியால் வந்ததுதான்.

துணிக்கு உள்ள மரியாதை

எங்களுக்குக் கீழே கம்பெனி, மேலே வீடு. திருப்பூரில் பனியன் தைக்கிற இடத்தை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, கம்பெனிதான். தையல் மிஷின் பத்து இருந்தாலும் கம்பெனி, ஆயிரம் இருந்தாலும் கம்பெனி. எங்களுடையது முதல் வகைக்குக் கொஞ்சம் பக்கம்.

பூனைக்கு அறை என்றதும் எங்களவருக்குத் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. "சத்தத்தைத் துணி குடிச்சுரும் புள்ள" என்றார். கீழேயிருந்து துணி ரோல்களை மேலே ஏற்றி, உள் அறையின் ஜன்னல் பக்கச் சுவரில் தரையிலிருந்து கூரை வரைக்கும் அடுக்கினார். அடுத்த மாசம் கப்பல் ஏற வேண்டிய அரக்குக் கலர் துணி அத்தனையும் பூனைக்குக் கோட்டைச் சுவர் ஆனது.

"துணியவே வெட்டறதுக்கு முன்னாடி விரிச்சுப் போட்டு ரிலாக்ஸ் ஆக வுடறமில்ல? அவுங்களும் வந்த களைப்புக்குக் கொஞ்சம் ரிலாக்ஸ் ஆவட்டும்" என்று விளக்கமும் சொன்னார்.

எங்கள் தொழிலில் அது உண்மைதான். பின்னலாடைத் துணி இழுத்துச் சுற்றிய நிலையில் இருக்கும். அவிழ்த்துப் போட்டு ஆறவிட்டால்தான் சரியான அளவுக்கு வரும். அவசரப்பட்டு வெட்டினால் தைத்த பிறகு சுருங்கிப்போகும். துணிக்குக் கொடுக்கிற அந்த அவகாசத்தில் பாதியைக் கட்டின மனைவிக்குக் கொடுத்திருந்தால் நானும் சரியான அளவில் இருந்திருப்பேன்.

முதலாளியின் பனியன்

எங்கள் வீட்டுக்காரரின் பனியனைப் பற்றி இந்தத் தொடரில் ஏற்கெனவே எழுதியிருக்கிறேன் என்று நினைக்கிறேன். எழுதியிருந்தாலும் மறுபடி எழுதுவேன். அந்தப் பனியனுக்கு அந்தத் தகுதி உண்டு.

ஊர் உலகத்துக்கெல்லாம் பனியன் தைத்துக் கொடுக்கிறவர் வீட்டில் போட்டுக்கொள்வது ஓட்டைப் பனியன். இடது அக்குளில் ஒரு ஜன்னல், முதுகில் ஒரு வாசல். கழுத்து நெகிழ்ந்து தோளை விட்டு இறங்கிவிடும். கீழே நாங்கள் ஒரு பிசிறு நூல் நீட்டிக்கொண்டிருந்தாலே பீசை ஒதுக்குகிறோம். மேலே முதலாளி முழுக்கப் பிசிறாக உட்கார்ந்து காபி குடிக்கிறார்.

கம்பெனி ஆரம்பித்த புதிதில், அளவு சரியில்லை என்று வெளிநாட்டுக்காரன் திருப்பிவிட்ட சரக்கு அது. மொத்தமாக வீட்டில் வந்து இறங்கியது. அன்றிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு, இதுதான் கடைசி. எத்தனையோ தடவை தரை துடைக்க எடுத்திருக்கிறேன். வாளியிலிருந்தே மீட்டுக்கொண்டு போய்விடுவார்.

"நல்லாத்தான புள்ள இருக்குது" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

கந்தல் போன வழி

வந்த அன்று காலை, மாப்பிள்ளை டிபன் சாப்பிட உட்கார்ந்தார். பூனை அறைக்குள் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. கூடையை வசதியாக வைக்கலாம் என்று எங்களவர் அறைக்குள் போனார். கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

உள்ளே ஒரு பழைய நைட்டி. நீலப் பூ போட்டு, வெளுத்து, ஓரம் கிழிந்து, பூனை முடி அப்பி, ஒரு மாதிரி வாடையோடு.

அவருக்கு ரத்தம் கொதித்திருக்கிறது. பனியன் கம்பெனி வைத்திருக்கிறவன் வீட்டுக்குத் தலை தீபாவளிக்கு வந்த பூனை கந்தலில் படுப்பதா? நாளைக்கு யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்? கீழே ஒரு தளம் நிறைய புதுத்துணி இருக்கிற வீட்டில்? போர்த்திய மாதிரி மெத்தென்று இருக்கிற குளிர்காலத் துணியில் ஒரு மடிப்பு, அதன்மேல் இன்டர்லாக் என்கிற இரட்டைப் பின்னல் துணியில் ஒரு மடிப்பு, எல்லாவற்றுக்கும் மேலே வழவழவென்று உயர்ந்த ரகக் காட்டனில் ஒரு விரிப்பு என்று கூடையை அலங்கரித்துவிட்டார். நைட்டியை விரல் நுனியில் தூக்கிக்கொண்டு போய், கீழே கட்டிங் டேபிள் பக்கத்தில் இருந்த வேஸ்ட் சாக்கில் திணித்தார்.

முதுகில் வாசல் வைத்த பனியனைப் போட்டுக்கொண்டுதான் இதைச் செய்தார் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

வெட்டியது போக மிஞ்சிய துண்டுத் துணிதான் வேஸ்ட். மற்ற நாளில் அது மூலையில் கிடக்கும். தீபாவளிக்குக் கம்பெனி பூட்டும் முன் மட்டும் ஒரு சாக்குகூட உள்ளே இருக்கக் கூடாது. எவன் விட்ட ராக்கெட்டாவது ஜன்னல் வழியாக வந்து அதில் விழுந்தால் பண்டிகை முடிந்தது. ஆகவே ஊரில் உள்ள எல்லாக் கம்பெனிகளிலும் அன்றைக்கு வேஸ்ட் டெம்போ வரும். எங்களுக்கும் வந்தது. சாக்குகளை ஏற்றியது, போனது. மிஷின்களைத் துடைத்து மூடினோம். தெற்கத்திச் சீமைத் தையல்காரர்கள் பையோடு பஸ் பிடிக்க ஓடினார்கள். கம்பெனி பூட்டியாகிவிட்டது.

பரண் மேல் ஒரு தேவி

மத்தியானத்துக்கு மேல் தெருப் பையன்கள் ஒத்திகை ஆரம்பித்தார்கள். முதல் வெடிக்கே மீனாட்சி கட்டிலுக்கு அடியிலிருந்து பாய்ந்தாள். கூடைக்குள் தலையை விட்டாள். புது மெத்தையை முகர்ந்தாள். பின்வாங்கினாள். மறுபடி முகர்ந்தாள். பிறகு அலமாரி மேல் தாவி, அங்கிருந்து பரணுக்கு ஏறி, இருட்டில் போய் உட்கார்ந்து ஒரு குரல் எடுத்தாள். குழந்தை அழுகிற குரல்.

மாப்பிள்ளை கூடைக்குள் கையை விட்டுத் துழாவினார். "அத்தை, இதுக்குள்ள ஒரு பழைய துணி இருந்துச்சுங்களே?"

நான் எங்களவரைப் பார்த்தேன். எங்களவர் ஃபேனைப் பார்த்தார்.

"அது வந்துங் மாப்ளைங்க... கொஞ்சம் அழுக்கா இருந்துதுங்களா... அதான் புதுசா..."

"எங்கீங் போட்டீங்க?" என்றேன்.

"வேஸ்ட்ல."

மாப்பிள்ளையின் முகம் ஒரு கணம் வெறுமையாகிவிட்டது. பிறகு சிரித்தார். "பரவால்லீங்க மாமா. வேற துணி பழகிக்குவா" என்று சொல்லிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு, பரணைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை. மரியாதையாகப் பேசுகிறவர்களிடம் மாட்டிக்கொண்டால் தப்பிக்கவே முடியாது.

மஞ்சு என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"அம்மா, அது எங்க அத்தை, அவரு அம்மாவோட நைட்டிங்ம்மா. ஆஸ்பத்திரிக்குப் போற அன்னைக்கு மாத்திப்போட்டுட்டுப் போனது. மீனாட்சி அதுமேலேயே படுத்துக்கிட்டு எந்திரிக்கவே இல்லையாம். அவரு இன்னைக்கு வரைக்கும் அதைத் துவைக்க வுட்டதில்லீங்ம்மா. நான் ஒருக்கா வாளில போடப் போயி, கையைப் புடிச்சுட்டாரு."

வடைக்கு அரைத்த மாவு கையில் அப்படியே காய்ந்துகொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தால் கதவோரம் எங்களவர் நின்றுகொண்டிருந்தார். கேட்டுவிட்டார். இந்தத் தடவை கடைசி வரி வரைக்கும் காதில் விழுந்திருந்தது. விறுவிறுவென்று பூனை இருந்த உள் அறைக்குள் போய்க் கார்ச் சாவியை எடுத்தார்.

"ஏனுங், இந்த ஓட்டையோட எங்கீங் கெளம்பறீங்க?" என்றேன். பனியனைக் கழற்றி அங்கேயே தரையில் வீசிவிட்டு, ஆணியில் தொங்கிய சட்டையை மாட்டிக்கொண்டார்.

"மாப்ளைங்க, வாங்க போலாம்."

மஞ்சு பூனையோடு இருந்துகொண்டாள். நானும் காரில் ஏறினேன். இவர்கள் இரண்டு பேரையும் நம்பித் துணி தேட அனுப்பினால் பேன்ட் வாங்கிக்கொண்டு வருவார்கள்.

வேஸ்ட் மேடு

வேஸ்ட் குடோன் அவிநாசிபாளையம் ரோட்டில் இருக்கிறது. அதை நடத்துகிற இசக்கி நெல்லைப் பக்கத்துக்காரர். நாங்கள் போனபோது ஷட்டரை இறக்கிவிட்டு, மனைவி மக்களோடு பைகளை வைத்துக்கொண்டு வேனுக்காக நின்றிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, இந்நேரத்துல? ஊருக்குக் கெளம்புதோம்லா."

"காலைல எடுத்தீங்கல்லங் இசக்கி, நம்ம சாக்கு? அதுல ஒரு துணி தப்பி வந்துருச்சுங்."

"என்ன துணி?"

எங்களவர் மாப்பிள்ளையை ஒரு தடவை பார்த்தார். "அவங்கம்மா துணிங்" என்றார்.

இசக்கி வேறெதுவும் கேட்கவில்லை. வேனுக்குப் போன் போட்டு, கொஞ்சம் பொறுத்து வரச் சொல்லிவிட்டு ஷட்டரைத் தூக்கினார். எங்களவர் நன்றி மிகுதியில், "வெடி ஒரு பெட்டி இருக்குதுங், கொழந்தைகளுக்குக் கொண்டுபோறீங்களா?" என்றார். "எங்க பக்கத்துலேர்ந்துதான் அண்ணாச்சி ஒங்களுக்கே வருது. வேன்ல வேற ஏத்த மாட்டான்" என்று இசக்கி சிரித்தார்.

உள்ளே ஊர்த் தீபாவளி மொத்தமும் சாக்காகக் குவிந்து கிடந்தது. எல்லாக் கம்பெனி வேஸ்ட்டும் அன்றைக்கே வந்ததால் மலை மாதிரி ஒரு மேடு. சாக்கில் பெயரா எழுதியிருக்கும்? ஆனால் சாக்கு வாயை அந்தந்தக் கம்பெனியில் அந்த மாசம் வெட்டிய துணியில் ஒரு துண்டைக் கிழித்துத்தான் கட்டுவார்கள். எங்கள் கம்பெனியில் அந்த மாசம் முழுக்க அரக்குக் கலர்.

"அரக்குல வாய் கட்டினது மட்டும் பாருங்க மாப்ளைங்க" என்று சொல்லிவிட்டு எங்களவர் ஏறினார். மாப்பிள்ளையும் ஏறினார். தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையைப் பனியன் வேஸ்ட் மேட்டில் ஏற்றிவிட்ட குடும்பம் என்று கொங்கு நாட்டில் எங்களைத் தவிர வேறு யாரும் இருக்க முடியாது. மாமனார் வாங்கிக் கொடுத்த சட்டை முழுக்கப் பஞ்சு. மூக்கில் பஞ்சு, மீசையில் பஞ்சு. கீழே நின்று நான் சாக்குகளை அவிழ்த்துக் கொட்டினேன்.

சாக்கு சாக்காக அரக்குத் துண்டுகள். கழுத்து வெட்டிய பிறை, கை வெட்டிய முக்கோணம். நீலப் பூ மட்டும் இல்லை. மாப்பிள்ளை, "போதுங்க மாமா, அவங்க ஊருக்குப் போகோணும், விட்டுருங்க" என்று கீழே இறங்க ஆரம்பித்தார். எங்களவர் காதில் வாங்கவே இல்லை. முட்டி வரைக்கும் புதைந்து, ஒரு சாக்கைக் கட்டிப்பிடித்து மேலே இழுத்துக்கொண்டிருந்தார். அரக்குக் கட்டு. அவிழ்த்தார். கையை விட்டார்.

நின்றுவிட்டார்.

நைட்டியை வெளியே எடுத்தார். பஞ்சை உதறப் போன கை பாதியிலேயே நின்றது. உதறவில்லை. அப்படியே மடித்து, இரண்டு கையாலும் மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

மாப்பிள்ளை வாங்கினார். முகத்தில் வைத்துக்கொண்டார். அந்த வேஸ்ட் மேட்டிலேயே உட்கார்ந்து அழுதார். சத்தம் போட்டு அழுதார். கல்யாணத்தில் அம்மா இடத்தில் பெரியம்மா உட்கார்ந்தபோதுகூட அவர் கண் கலங்கவில்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எங்களவர் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கை வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல், பக்கத்துச் சாக்கைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

நானும் அழுதேன். பஞ்சு கண்ணில் பட்டுவிட்டது என்று இசக்கியின் மனைவியிடம் சொன்னேன். அவரும் அப்படியே சொன்னார்.

மீனாட்சியின் தீர்ப்பு

ஏதோ மலையிலிருந்து மூலிகை கொண்டுவந்த பெருமையில் வீட்டுக்குள் நுழைந்தோம். மஞ்சு வாயில் விரலை வைத்து, "சத்தம் போடாதீங்க" என்றாள்.

மீனாட்சி பரணில் இல்லை. கூடையிலும் இல்லை. அறைத் தரையில், எங்களவர் கழற்றி வீசிய ஓட்டைப் பனியனுக்குள் தலையை நுழைத்து, அக்குள் ஜன்னல் வழியாக ஒரு காலை வெளியே நீட்டிக்கொண்டு, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வெளியே வெடித்த வெடிக்குக் காது மட்டும் ஒரு முறை ஆடியது.

"நீங்க போயி கொஞ்ச நேரத்துலயே எறங்கி வந்துட்டா" என்றாள் மஞ்சு.

மாப்பிள்ளை மெல்ல உட்கார்ந்து நைட்டியைப் பக்கத்தில் விரித்தார். மீனாட்சி ஒரு கண்ணைத் திறந்தாள். முகர்ந்தாள். நைட்டியின் மேல் முகத்தை ஒரு தடவை தேய்த்தாள். பிறகு பனியனுக்கே திரும்பிப் போய்ச் சுருண்டாள்.

இதற்குத்தான் இத்தனையும். உயர்ந்த ரகக் காட்டனை மிதித்துக்கூடப் பார்க்கவில்லை. வெளிநாட்டுக்காரன் வேண்டாம் என்று திருப்பிய சரக்குக்கு ஒரு பூனையிடம் ஆர்டர் கிடைத்தது.

"மாமா, உங்க பனியன்... எந்திரிச்சதும் எடுத்துத் தந்துடறேனுங்க" என்றார் மாப்பிள்ளை. நைட்டியை மடித்துத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அதைக் கூடையில் போடவில்லை. யாருக்கு அது இல்லாமல் முடியாது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"இருக்கட்டுங் மாப்ளைங்க. அவுங்க படுத்துக்கட்டும்" என்றார் எங்களவர்.

அவர் சொல்ல மாட்டார், நான் சொல்கிறேன். அந்தச் சரக்கு திரும்பி வந்த நாளில் கடனுக்குப் பயந்து எல்லாரும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, என் மாமியார் மட்டும் கத்தரியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொரு பனியனாகப் பிசிறு வெட்டினார். "எவன் வேண்டாம்னா என்ன, என்ற பையன் போட்டுக்குவான்" என்றார். அந்தப் பையன் போட்டுக்கொண்டே இருந்தார். இது கடைசிப் பனியன்.

வெடிக்காத தீபாவளி

மறுநாள் எண்ணெய் தேய்த்துக் குளித்து, பலகாரம் வைத்துக் கும்பிட்டு, விருந்து சாப்பிட்டோம். சரவெடி பீரோவிலேயே இருந்தது. எதிர்வீட்டு அம்மாள் வந்து, "ஏனுங், மாப்ளைக்கு வெடி வெக்கலீங்களா?" என்று துக்கம் விசாரித்தார். "அவருக்குப் பொகை ஒத்துக்காதுங்" என்று எங்களவர் கூசாமல் பொய் சொன்னார். சரவெடி கார்த்திகைக்கு எடுத்தபோது நமுத்துப்போயிருந்தது.

அன்றைக்கு முழுக்க அவர் வெற்று மார்போடு அந்த உள் அறையில்தான் இருந்தார். துணிக் கோட்டைக்குள் ஃபேன் ஓட, டிவி மெல்லப் பாட, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து காவல். வெடிச்சத்தம் பலமாகக் கேட்டு மீனாட்சி தலையைத் தூக்கும்போதெல்லாம், "ஒண்ணுமில்லீங், ஒண்ணுமில்லீங், தூங்குங்க" என்பார். பூனையும் தூங்கிவிடும். என் மாமியாருக்குக்கூட அவர் அவ்வளவு பணிவாகப் பதில் சொன்னதில்லை.

அடுத்த நாள் அவர்கள் கிளம்பினார்கள். பெட்டிக்குள் நைட்டி. கூடைக்குள் பனியன், அதன்மேல் மீனாட்சி. முறுக்கு, அதிரசம், மூன்று புதுப் பனியன் பெட்டிகள் எல்லாம் காரில் ஏறின. எங்களவர் புதுப் பனியன் போட்டிருந்தார். அது அவரைக் கடித்துக்கொண்டிருந்தது, தோளைத் தோளைக் குலுக்கினார்.

வண்டி நகரும்போது ஜன்னலைத் தட்டினார். மாப்பிள்ளை கண்ணாடியை இறக்கினார்.

"சொல்லுங்க மாமா."

எங்களவர் கூடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். யாருக்கும் கேட்காத மாதிரி குனிந்து சொன்னார். ஆனால் எனக்குக் கேட்டது.

"அதைத் துவைச்சுராதீங்க மாப்ளைங்க."